சொந்தக்காரர் இல்லாத வழி

அவருடைய பெயரை எழுத மாட்டேன். மரியாதை ஒரு காரணமே இல்லை. கோரம்பள்ளம் குளத்திலிருந்து ஏரல் பக்கம் வரைக்கும் வாய்க்கால் ஓரத்து ஊர் ஒவ்வொன்றிலும் அவருக்கு ஒரு மாமனோ சித்தப்பாவோ இருக்கிறார். பெயரைப் போட்டுவிட்டால் அடுத்த கல்யாண வீட்டில் யாராவது என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்து விசாரிப்பார்கள். அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அண்ணாச்சிதான், யாரும் கண்டுபிடிக்க முடியாது.

நான் அப்போது தூத்துக்குடியில், துறைமுகத்துக்கு வந்து போகும் கண்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்யும் அலுவலகம் ஒன்றில் இருந்தேன். அண்ணாச்சியின் கடை எதிர்த்தாற்போல. பைப், குழாய், மோட்டார் சாமான். எனக்கு ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் ஒரே சீட்டில் எழுதி வந்த வருடம் அது. டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நடப்பதற்குச் செலவில்லை என்பதாலேயே அதில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கினேன். கூடவே தலைக்கவசம், கையுறை, பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த கால்சட்டை, பெடலோடு மாட்டிக்கொள்ளும் ஷூ. மொத்தத்தையும் பார்த்துவிட்டு என் மனைவி, "இந்த வெலைக்கு மோட்டார் வச்ச வண்டியே குடுப்பான்லா?" என்று மட்டும் கேட்டாள்.

முதல் நாளே துறைமுகச் சாலையில் ஏறினேன். வாரம் முழுக்க டிரெய்லர் லாரிகளை அந்தச் சாலைக்கு அனுப்பிவைக்கிற ஆள், அந்தச் சாலையிலேயே காற்று வாங்கப் போனேன் என்றால் என் மூளையைப் பற்றி நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். ஒரு டிரெய்லர் என்னைத் தொடக்கூட இல்லை, ஒட்டிப் போனது, அவ்வளவுதான். அது கிளப்பிய காற்றில் நானும் சைக்கிளும் சேர்ந்து உப்பளத்து ஓடையில் கிடந்தோம். சேறும் உப்புமாக சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பியபோது அண்ணாச்சி கடை வாசலில் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரோட்டுலதான் போகணும்னு ஒங்களுக்கு என்ன தலையெழுத்து தம்பி? ஞாயித்துக்கெழம விடியக்கால வாங்க. நான் சைக்கிள்லதான் போவேன். வண்டி ஒண்ணும் வராத வழி ஒண்ணு இருக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வருடம்கூட முழுதாக நடக்கவில்லை. அதற்குள் நான் ஒரு இயற்கை ஆர்வலராகி, அந்தப் பதவியையும் இழந்தேன்.

வழி நிஜமாகவே நல்ல வழி. குளத்துக் கரையில் ஏறினால் அப்படியே வடகால் வாய்க்கால் கரையைப் பிடித்துவிடலாம். மண் பாதை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் வாழையும் பிசானப் பருவ நெல்லும். கொஞ்ச தூரத்தில் வயல் முடிந்து பனங்காடு வரும், அதையும் தாண்டினால் உடைமரக்காடு. ஹாரன் கிடையாது, புகை கிடையாது. நம் சைக்கிள் சங்கிலி ஓடுகிற சத்தம் நமக்கே கேட்கும். முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தால் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கே எழுதினேன்.

எழுதுவதற்கு அண்ணாச்சி விஷயம் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவருடையது பழைய கறுப்பு சைக்கிள். அதன் மணியைச் சுற்றி ஒரு துணியைக் கட்டி வைத்திருந்தார், தவறிக்கூட அடித்துவிடாதபடி. பறவைகள் பயந்துவிடக் கூடாது என்கிற கருணை என்று எழுதினேன். கைகூப்பிய பொம்மைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஊர் நெருங்கினால் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொள்வார். எளிமை என்று எழுதினேன். காட்டுக்குள் ஆடி அசைந்து வருகிறவர், நாலு வீடு தெரிந்ததும் பேய் பிடித்த மாதிரி மிதிப்பார். மனித சஞ்சாரத்திலிருந்து விலகி நிற்கும் மனம் என்று எழுதினேன். எதிரே ஆள் வந்தால் இறங்கி, குனிந்து, சங்கிலியைச் சோதிப்பார். ஜில்லாவிலேயே அதிகம் சோதிக்கப்பட்ட சங்கிலி அதுவாகத்தான் இருக்கும். அதையும் எழுதினேன், பொருட்களிடம் காட்டும் பரிவு என்று.

இவ்வளவுக்கும் அவருக்குப் பறவைகளைப் பற்றி ஒரு இழவும் தெரியாது. ஒருநாள் நீலமும் ஆரஞ்சுமாக ஒரு குருவி தண்ணீரில் பாய்ந்து மீனோடு எழும்பியது.

"அண்ணாச்சி, அது என்ன?"

"கொக்கு தம்பி. வெரசா மிதிங்க."

அவருக்கு எல்லாமே கொக்குதான்.

வாய்க்கால் ஒரு தார் ரோட்டைக் கடக்கும் இடம் வந்தால் என்னை முன்னால் அனுப்புவார். "போயி எட்டிப் பாத்துட்டு வாங்க தம்பி."

"லாரி வருதான்னா?"

"லாரி கெடக்கட்டும். ஆளு யாரும் நிக்காகளான்னு பாருங்க."

நானும் தலைக்கவசத்தோடு போய், ராணுவ வேவுக்காரன் மாதிரி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வந்து, வரலாம் என்று கையைக் காட்டுவேன். ஒருமுறை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றபோது மதகுத் தூம்படியில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "எங்கனயிருந்து வாரிய?" என்று கேட்டார். நான்தான் நாக்கு அரிக்கிற ஆளாயிற்றே. தூத்துக்குடியிலிருந்து, இன்ன அண்ணாச்சியோடு, இன்ன கடைக்காரர் என்று முழு விலாசமும் சொன்னேன். பெரியவர் துள்ளி எழுந்துவிட்டார். "ஏ, நம்ம பயலுல்லா! எங்க அவன்?"

திரும்பிப் பார்த்தால் அண்ணாச்சியும் இல்லை, சைக்கிளும் இல்லை. வாழைத்தோட்டத்துக்குள் இலை ஆடிக்கொண்டிருந்தது. பெரியவர் வெகுநேரம் காத்திருந்துவிட்டு, "வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போறானா? வரட்டும், அடுத்த விசேசத்துல வச்சிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகுதான் அண்ணாச்சி தலையெல்லாம் சிலந்திக்கூடாக வெளியே வந்தார். அன்றைக்குத் திரும்பி வரும் வரை என்னோடு பேசவில்லை. மௌனம் பற்றி எழுதினேன்.

அந்த மௌனக் கட்டுரைக்கு 'வாய்க்கால் கரை முனிவர்' என்று தலைப்பு வைத்திருந்தேன். அது கை மாறிக் கை மாறி அண்ணாச்சியின் மனைவிக்குப் போய்விட்டது. மறுநாள் கடையில் அண்ணாச்சி இல்லாத நேரம் பார்த்து என்னைக் கூப்பிட்டார். நான் அவரை மதினி என்பேன். சிரிப்பை அடக்க முடியாமல் கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"முனிவரா? எங்க வீட்டுக்காரரா? தம்பி, நீங்க காத்து வாங்கப் போறிய. அவுக சொந்தக்காரங்களுக்கு ஒளிஞ்சு போறாக."

எங்கள் பக்கத்து முறை தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. சொந்தக்காரர் இருக்கும் ஊர் வழியாகப் போனால் வீட்டுக்குள் போய்விட்டுத்தான் போக வேண்டும். ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீடுகளுக்கும் போக வேண்டும். எல்லா வீட்டிலும் காப்பி குடிக்க வேண்டும். காப்பி பாதகமில்லை. காப்பியோடு சேர்த்து எல்லா வீட்டிலும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "அக்காட்ட பேசிட்டியா?" அண்ணாச்சியால் தாங்க முடியாதது அந்தக் கேள்வி.

அவருக்கு ஒரே அக்கா. வாய்க்கால் கரையில், ஏரலுக்கு இந்தப் பக்கம் ஒரு ஊரில் இருந்தார். ஏழெட்டு வருடமாகப் பேச்சு இல்லை. காரணத்தை மதினி சொன்னபோது, இப்படி ஒரு தப்பை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்ய முடியாது என்று எனக்குத் தோன்றியது. அண்ணாச்சியின் மூத்த மகள் கல்யாணத்துக்குத் தேதி குறித்ததே அக்காதான். முகூர்த்தச் சேலை எடுக்க வந்ததும் அக்காதான். ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைத்த அண்ணாச்சி, சொந்த அக்காவுக்குப் போய்ப் பத்திரிகை வைப்பதாவது என்று விட்டுவிட்டார். தன்னைத்தானே யாராவது அழைத்துக்கொள்வார்களா என்பது அவர் கணக்கு. கூடப் பிறந்தவளுக்குத்தான் முதல் அழைப்புத் தட்டு வைக்க வேண்டும் என்பது அக்காவின் கணக்கு. அக்கா கல்யாணத்துக்கு வரவில்லை. சொந்த அக்காவே அழைத்தால்தான் வருவாளா என்று அண்ணாச்சிக்கு ரோஷம். அதன் பிறகு பேரப்பிள்ளைக்குக் காது குத்தியபோது இவர் சொல்லவில்லை, வீடு கட்டிப் பால் காய்ச்சியபோது அங்கிருந்து சொல்லவில்லை. இரண்டு பேரும் மற்றவர் முதலில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தார்கள்.

"சரி, போகப் பிடிக்கலேன்னா வீட்டுல இருக்கலாம்லா மதினி? எதுக்கு வாராவாரம் அந்தப் பக்கமே போறாரு?"

"அதத்தான் நானும் கேக்கேன். சொல்ல மாட்டக்காக."

எனக்கு அவமானமாகிவிட்டது. நான் தவப்பாதை என்று ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்தது ஒளிந்து திரிகிற பாதை. சங்கிலி பரிவு, துண்டு எளிமை, மணி கருணை, எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்று யோசித்தேன். கைகூப்பிய பொம்மைகளை நினைத்து விட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அவரோடு போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. வாழைத்தோட்டத்துக்குள் ஒளியும் ஒரு மனிதரை, முனிவரைவிட எனக்குப் பிடித்துப் போயிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணாச்சியின் பையனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகை அடித்து வந்தது. ஓரத்தில் மஞ்சள் தடவிய ஒரே ஒரு பத்திரிகையை மஞ்சள் பையில் போட்டு சைக்கிள் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு வந்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அக்கா ஊர்க் கோயில் கோபுரம் பனைகளுக்கு மேலே தெரியும் இடத்தில் கரை இரண்டாகப் பிரியும். நேரே போனால் ஊர். இடது பக்கம் ஒரு ஒற்றையடிப் பாதை உடைமரக் காட்டுக்குள் புகுந்து, ஊரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபடியும் வாய்க்காலைப் பிடிக்கும். அந்தப் பிரிவில் காலை ஊன்றி நிற்பார். கோபுரத்தைப் பார்ப்பார். பையைத் தொட்டுப் பார்ப்பார்.

"இன்னைக்காவது போங்க அண்ணாச்சி."

"பொறவு பாத்துக்கிடலாம் தம்பி."

உடைமுள் வழியாகவே சுற்றிப் போவோம். என் சைக்கிளின் வெளிநாட்டு டியூபில் ஒட்டுப் போட இனி இடமில்லை என்று பஞ்சர் கடைக்காரர் சொல்லிவிட்டார். ஆனால் என் டியூப் பெரிதில்லை. கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது. மதினி ஒருநாள் சிரிக்காமலே சொன்னார்: "தம்பி, இந்தக் கல்யாணத்துக்கும் அவுக அக்கா வரலேன்னா, அவ்வளவுதான். இனிமே ஒருத்தர் சாவுக்குத்தான் இன்னொருத்தர் போவாக." அதைக் கேட்ட பிறகு எனக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் மிதிக்கத் தெம்பில்லை.

அடுத்து நடந்ததில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை. நான் விழுந்தேன், அவ்வளவே.

தை மாதம், வாய்க்காலில் தண்ணீர் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. அண்ணாச்சி முன்னால், நான் பின்னால். ஒரு கையில் ஃபோனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே, போக்குவரத்தே இல்லாத சொர்க்கம் என்று எதையோ உளறிக்கொண்டு வந்தேன். கரை பிரியும் இடத்துக்கு வந்தோம். எதிரே மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். அண்ணாச்சி அப்படியே பிரேக் போட்டு சைக்கிளைத் திருப்பினார். நானும் பிரேக் போட்டேன். போட்ட பிறகுதான் என் ஷூ பெடலோடு மாட்டியிருப்பது நினைவுக்கு வந்தது. குதிங்காலைத் திருகினால் கழன்றுவிடும் என்று கடையில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில் குதிங்கால் எது என்றே மறந்துவிட்டது. வெட்டிய வாழை மாதிரி மெதுவாகச் சாய்ந்து, சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனேன். மோவாய் தூம்புக் கல்லில் இடித்தது. கையை ஊன்றியபோது மணிக்கட்டில் ஏதோ முறிந்தது. ஃபோன் தன் பாட்டுக்குக் கோரம்பள்ளத்தைப் பார்க்கப் போய்விட்டது.

மண்வெட்டிக்காரர் வேட்டியோடு குதித்து என்னை இழுத்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து அண்ணாச்சியைப் பார்த்தார்.

"ஏ மாப்ள! எங்க திரும்புத? ஒங்கூட வந்த ஆளு ரெத்தமாக் கெடக்காரு. பிடி, வீட்டுக்குத் தூக்குவோம்."

அவர்தான் அக்காவின் புருஷன், அண்ணாச்சியின் அத்தான். ஏழெட்டு வருடமாக உடைமுள்ளில் சுற்றியவர், என் தோளைப் பிடித்துக்கொண்டு அந்த ஊர்த் தெருவுக்குள் நடந்தார். துண்டைத் தலையில் போட்டுக்கொள்ளக் கை காலியில்லை.

அக்கா அண்ணாச்சியை அச்சில் வார்த்த மாதிரி இருந்தார், உயரம்தான் கொஞ்சம் குறைவு. தம்பியைப் பார்த்தார். என்னை நார்க்கட்டிலில் உட்கார வைத்து, காப்பித்தூளை அள்ளி மோவாயில் அப்பினார். அத்தானின் வேட்டி ஒன்றைக் கொடுத்து மாற்றச் சொன்னார். என் ஈரக் கால்சட்டையைக் கொடியில் போடப் போனவர், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது என்னது தம்பி, பின்னால மெத்த வச்சித் தச்சிருக்கு?" அந்த வலியிலும் எனக்கு வெட்கம் வந்தது.

அண்ணாச்சி வாசல்படியிலேயே நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. எனக்குக் காப்பி வந்தது. அக்கா என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, கூட வந்தவரு நிக்காரே, காலு வலிக்கலையான்னு கேளுங்க."

இடையில் மூன்றடி தூரம்கூட இல்லை. ஆனாலும் நான் திரும்பி, "அண்ணாச்சி, காலு வலிக்கலையான்னு கேக்காங்க" என்றேன்.

"வலிக்கலேன்னு சொல்லுங்க."

"வலிக்கலையாம்."

"காப்பி குடிப்பாரான்னு கேளுங்க."

"குடிச்சிட்டுத்தான் வந்தேன்னு சொல்லுங்க."

தபால்காரன் வேலையைச் சரியாகச் செய்தேன். வீங்கிய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பியதில் கழுத்தும் பிடித்துக்கொண்டது. கடைசியில் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பையனுக்குக் கல்யாணம்னு ஊரெல்லாம் பேச்சு. நமக்கு என்ன தெரியும்" என்றார்.

அண்ணாச்சி சட்டென்று சைக்கிளுக்குப் போய் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தார். படியேறி உள்ளே வந்து பத்திரிகையை நீட்டினார்.

"அக்கா, வரணும்."

அக்கா அதை வாங்கவில்லை. முதல்முறையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"ஏலே, மூத்தவ கல்யாணத்துக்கே இன்னும் நீ என்னய அழைக்கல. அது கெடக்க, எளையவனுக்கு எப்படி அழைக்க?"

"அவளுக்கு ரெண்டு பிள்ள ஆச்சேக்கா."

"ஆகட்டும். எனக்கு அவ இன்னும் கல்யாணம் ஆகாத பிள்ளதான். அன்னைக்குப் பட்டுச்சேல உடுத்தி, தல நெறயப் பூ வச்சி, இந்த நடையிலதான் உக்காந்திருந்தேன். நீ மறந்திருப்ப, கடைசி நேரத்துலயாவது காரு அனுப்புவேன்னு. முகூர்த்தம் முடிஞ்சிருக்கும், சேலைய மாத்துடின்னு ஒங்க அத்தான் சொன்னாவ. பூ வாடுத வரைக்கும் நான் மாத்தல."

அண்ணாச்சி நீட்டிய பத்திரிகையைத் தாழ்த்தினார். "மண்டபத்துல முன் வரிசையில ஒனக்கு நாற்காலி போட்டு, மேல துண்டப் போட்டு வச்சிருந்தேன்க்கா. கடைசி வரைக்கும் ஒருத்தரையும் அதுல உக்கார விடல."

"அழைக்காத எடத்துல எனக்கு எதுக்குலே நாற்காலி?" அக்காவின் குரல் உடைந்தது. உடனே சமாளித்துக்கொண்டார். "இதுவும் நல்லாத்தான் இருக்கு. தனியா வந்து கையில தாள நீட்டுதது என்ன மொற? பொண்டாட்டியும் புருசனுமா வா. தட்டு வச்சி, மொதல்ல மூத்தவ கல்யாணத்துக்கு அழை. பொறவு எளையவனுக்கு."

சொல்லிவிட்டு என்னிடம், "காப்பி ஆறிட்டே தம்பி" என்றார்.

என்னை அத்தான் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மணிக்கட்டுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். வாய்க்காலிலிருந்து எடுத்த என் சைக்கிள் அக்கா வீட்டில் நின்றது. அண்ணாச்சி தனியாகக் கரை வழியே திரும்பியிருக்கிறார்.

மதினி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "முடிஞ்சு போன கல்யாணத்துக்குப் போயி அழைக்கவா? ஊரு சிரிக்கும் தம்பி. அன்னைக்கு அவுக வராததுக்கு நான் எம்புட்டுப் பேரு வாயில விழுந்தேன் தெரியுமா?" அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அண்ணாச்சி கல்லாவில் உட்கார்ந்து ஒரு பித்தளைக் குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். நான்தான், நாக்கு அரித்து, பூ வாடுகிற வரைக்கும் சேலையை மாற்றாமல் உட்கார்ந்திருந்த விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி அதை மதினியிடம் சொல்லியிருக்கவில்லை.

"பூ வாடுத வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு மதினி கடைக்கு மேலே இருந்த வீட்டுக்கு மாடியேறிப் போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. இறங்கி வரும்போது கையில், ஓரம் பழுத்துப்போன மூத்தவள் கல்யாணப் பத்திரிகை ஒன்று இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பஸ்ஸில் போனோம். சைக்கிளை எடுக்க என்று சொல்லிக்கொண்டு நானும் ஒட்டிக்கொண்டேன். மாவுக்கட்டுக் கையோடு சைக்கிளை எப்படி எடுப்பேன் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. தார் ரோட்டில், ஹாரன் அடித்துக்கொண்டு, லாரிகளுக்கு நடுவில் போய் ஊர் முக்கில் இறங்கினோம். அண்ணாச்சி வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. மதினி கையில் தாம்பாளம். அதில் ஆத்தூர் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம், இரண்டு பத்திரிகை. தெருவில் ஒவ்வொரு வாசலிலும் ஆள் எழுந்து நின்றார்கள். "ஏ, யாரு வாரா பாருங்க!" என்று ஒரு குரல். "என்னலே, வழி தெரிஞ்சுட்டா?" என்று இன்னொன்று. வாழைத்தோட்டம் எதுவும் பக்கத்தில் இல்லை. அண்ணாச்சி ஒவ்வொரு வாசலையும் நிமிர்ந்து பார்த்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அக்காவ அழைக்கப் போறேன். போயிட்டு வந்து உள்ள வாரேன்" என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

அக்காவும் அத்தானும் கிழக்குப் பார்த்து நின்றார்கள். அண்ணாச்சியும் மதினியும் சேர்ந்து தட்டை நீட்டினார்கள். அக்கா தட்டை வாங்கி, பழுத்த பத்திரிகையை மட்டும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.

"எனக்குக் கண்ணு தெரியல. வாசிங்க தம்பி."

குடியிருப்போர் சங்கத்தில் மேடை கிடைத்தால் இறங்காதவன் நான். ஒரு கல்யாணப் பத்திரிகையை அன்றைக்கு எழுத்துக்கூட்டி வாசித்தேன். தாத்தா, பாட்டி பெயர்களைக் கடந்து தேதிக்கு வந்தேன். அந்த வருடத்தைச் சொல்லத் தயங்கினேன்.

"நிறுத்தாம வாசிங்க" என்றார் அக்கா.

வாசித்து முடித்தேன். அக்கா தம்பியிடம் கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மண்டபம் எங்கன இருக்குலே?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துலதான்க்கா."

"எத்தன மணிக்கு வரணும்?"

"விடியக்காலயே வந்துரணும். நீ வந்தாத்தான் மத்ததெல்லாம்."

"வந்துருதோம்" என்றார் அக்கா.

உள்ளே போனார். பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. ஜவுளிக்கடைப் பை ஒன்றோடு வந்தார். பையில் அச்சடித்த கடைப்பெயர் பாதி உதிர்ந்து போயிருந்தது. உள்ளே அரக்கு நிறப் பட்டு, இன்றைக்கு நெய்தது மாதிரி மின்னியது. மூத்தவள் கல்யாணத்துக்கு அத்தை முறைக்கு எடுத்தது. அண்ணாச்சியின் கையில் வைத்தார்.

"பிள்ளைட்ட குடு. ஒரே மடிப்புல கெடந்தா பட்டு இத்துப் போகும்னு, வருசா வருசம் பிரிச்சி மடிப்பு மாத்தி வச்சேன்."

அண்ணாச்சி அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதார். மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அத்தான் வெளியே போய்விட்டார். அக்கா கிட்டே வந்து தம்பியின் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினார்.

"ஏலே, கண்ணத் தொடச்சிக்க. பட்டுல தண்ணி சொட்டுது பாரு, கறையாயிரும்."